விலக முடியாத வாடிக்கையாளரும் விலகிச் சென்ற முதலீட்டாளரும்

இங்கிலாந்தில் வாழும் ஒரு குடும்பம் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இணைய இணைப்புக்கும் எந்த நிறுவனத்தை நாடுவது என்பதைத் தானே முடிவு செய்யலாம். கட்டணமோ சேவையோ பிடிக்காவிட்டால் சில நாட்களில் வேறொரு நிறுவனத்துக்கு மாறியும் விடலாம். தண்ணீருக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. வீடு எந்த வட்டாரத்தில் அமைந்திருக்கிறதோ, அந்த வட்டாரத்துக்கென விதிக்கப்பட்ட நிறுவனமே குழாயில் நீரை அனுப்புகிறது, பெரும்பாலும் அதுவே கழிவுநீரையும் வாங்கிக்கொள்கிறது, இரண்டுக்கும் பணம் வசூலிக்கிறது. கடைகளும் தொழிற்சாலைகளும் மட்டும் 2017 ஏப்ரலிலிருந்து தம் தண்ணீர்க் கணக்கைக் கையாளும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது என்றாலும், அவற்றுக்கும் குழாய் ஒன்றுதான். 2025 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீட்டின் சராசரி ஆண்டுத் தண்ணீர்க் கட்டணம் 123 பவுண்டு உயர்ந்து 603 பவுண்டைத் தொட்டபோது மக்களிடையே எழுந்த சீற்றத்தை விலைவாசி மீதான வழக்கமான முணுமுணுப்பாகக் கருதிவிடக் கூடாது. வேறு இடத்துக்குப் போக வழியில்லாதவரிடம், அவரைக் கேட்காமல் வாங்கிய கடனுக்கு வட்டி வசூலிப்பது நியாயமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. தண்ணீர்த் துறை தனியாருக்கு விற்கப்பட்ட 1989 முதல் அந்தக் கேள்விக்கு எந்த அரசும் நேரான பதில் சொல்லவில்லை.

கட்டணம் கணக்கிடப்படும் முறையே வாடிக்கையாளரின் நிலையைக் காட்டிவிடும். பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இன்று தண்ணீர் மீட்டர் இருக்கிறது. மீட்டர் இல்லாத இங்கிலாந்து வீடுகளில், 1973-ஆம் ஆண்டின் மறுமதிப்பீட்டில் அந்த வீட்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்று நகராட்சி வரிக்காகக் குறிக்கப்பட்ட மதிப்பைக் கொண்டே பெரும்பாலும் இன்றும் தண்ணீர்க் கட்டணம் போடப்படுகிறது. அந்த மதிப்பைத் திருத்தும்படி முறையிட இப்போது இடமில்லை. அதை நிர்ணயித்த வரி முறையே 1990-இல் ஒழிந்துவிட்டது. கட்டணச் சீட்டில் கழிவுநீருக்கான தொகைக்குள் மழைநீரைக் கொண்டுசெல்லும் செலவும் அடங்கியிருக்கிறது. கூரையிலிருந்து விழும் மழைநீர் சாக்கடைக்குப் போகாமல் தோட்டத்து உறிஞ்சுகுழியில் இறங்கும் வீட்டுக்காரர் அந்தத் தொகையில் தள்ளுபடி கேட்கலாம். ஆனால் அவர் விண்ணப்பித்தால்தான் பெரும்பாலும் அது கிடைக்கும், விண்ணப்பிக்காதவர் பெறாத சேவைக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டே இருப்பார்.

தண்ணீரைத் தனியார் விற்பது இங்கிலாந்துக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனுக்குத் தனியார் நிறுவனங்களே நீர் வழங்கின; தென் லண்டனின் சில தெருக்களில் இரண்டு நிறுவனங்கள் போட்டியிட்டு அருகருகே குழாய் பதித்திருந்தன. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பு இடத்தைத் தேம்ஸ் ஆற்றில் கழிவு கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் - வாக்ஸால் நிறுவனமோ நகரின் கழிவு கலந்து ஓதத்தோடு ஏறி இறங்கும் பகுதியிலிருந்தே நீரெடுத்து வந்தது. 1854-இல் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இந்த இரட்டைக் குழாய்த் தெருக்களில் வீடு வீடாகச் சென்று இறப்புகளைக் கணக்கெடுத்தார். வீட்டு உரிமையாளரே தண்ணீருக்குப் பணம் கட்டி வந்ததால், குடியிருந்தவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டுக்கு நீர் தரும் நிறுவனம் எது என்பதே தெரிந்திருக்கவில்லை. ஸ்னோ அந்த வீடுகளின் நீரைச் சிறு புட்டியில் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்துப் பார்த்தார். உப்பு மிகுந்த சவுத்வார்க் - வாக்ஸால் நீரில் வெண்ணிற வீழ்படிவு திரளாகத் தோன்றியது, லாம்பெத் நீரில் மிகச் சிறிதளவே தோன்றியது. ஒரே தெருவில், ஒரே வகை வீடுகளில், ஒரு குழாயின் நீரைக் குடித்தவர்கள் மற்றக் குழாயின் நீரைக் குடித்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். காலரா நீர்வழிப் பரவுவதைக் காட்டிய ஆய்வாகவே இது மருத்துவ வரலாற்றில் நினைக்கப்படுகிறது. பொருளியல் நோக்கிலும் இதற்கு முக்கியத்துவம் உண்டு: இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருவில் போட்டியிட்டபோதுகூடக் குடியிருப்பவருக்குத் தேர்வு என்பது கைக்கு எட்டவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து அக்காலத்து ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்ட பாடம் தெளிவானது. பர்மிங்ஹாம் மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின் 1870-களில் நகரின் எரிவாயு நிறுவனங்களையும் நீர் நிறுவனத்தையும் நகராட்சிக்கு வாங்கினார். எரிவாயுவிலிருந்து நகராட்சி வருவாய் ஈட்டலாம், தண்ணீரிலிருந்து கூடாது என்பது அவர் நிலைப்பாடு. லண்டனின் எட்டு நீர் நிறுவனங்களையும் பொது வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்த 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது கன்சர்வேடிவ் அரசு. தண்ணீரைப் பொதுவில் வைப்பதை இடதுசாரிக் கொள்கையாக மட்டும் பார்க்கும் இன்றைய வழக்கம் வரலாற்றோடு ஒட்டவில்லை. வணிகத்தை நன்கு அறிந்தவர்களே அன்று அந்த முடிவுக்கு வந்தார்கள்.

ஊர்தோறும் சிதறிக் கிடந்த அமைப்புகளை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றுப் படுகைகளின் அடிப்படையில் பத்து வட்டார வாரியங்களாகத் தொகுத்தது. அவற்றின் கடன் வாங்கும் அளவைக் கருவூலம் இறுக்கிப் பிடித்ததால் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் பழுதடைந்தன. பொதுத்துறைக் காலத்தைப் பொற்காலமாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மார்கரெட் தாட்சர் அரசு 1989-இல் பத்து வாரியங்களையும் பங்குச் சந்தையில் விற்றது. விற்பதற்கு முன் அவற்றின் சுமார் 500 கோடி பவுண்டு கடனை அரசே தள்ளுபடி செய்தது. சுற்றுச்சூழல் பணிகளுக்கென ஏறக்குறைய 150 கோடி பவுண்டு கொடையும் தந்தது. கடனற்ற நிலையில் கைமாறிய அந்தத் துறை இன்று 6,000 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கடனைச் சுமந்து நிற்கிறது. இதே காலத்தில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் பல ஆயிரம் கோடி பவுண்டு சென்றிருக்கிறது.

இந்தக் கடன் வளர்ந்த வழியைப் புரிந்துகொள்ள, கட்டண நிர்ணயத்தின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். ஆஃப்வாட் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்தின் குழாய்கள், நிலையங்கள் முதலியவற்றுக்கு ஒரு மதிப்புப் போடுகிறது; அந்த மதிப்பின் மீது இத்தனை விழுக்காடு வருவாய் ஈட்டலாம் என்று அனுமதித்து, அதனோடு நடைமுறைச் செலவைக் கூட்டி, வாடிக்கையாளர்களிடம் வசூலிக்கத்தக்க தொகைக்கு உச்சவரம்பு விதிக்கிறது. ஒரு நிறுவனம் தன் மதிப்பில் எவ்வளவு பங்கைக் கடனாக வைத்திருக்கும் என்பதற்கு ஆணையம் ஓர் அனுமானத்தைக் கையாள்கிறதே தவிர, உண்மையில் எவ்வளவு கடன் வாங்குவது என்பதை நெடுங்காலமாக நிறுவனத்தின் சொந்த விவகாரமாகவே கருதி வந்தது. கடனுக்கான வட்டி, அனுமதிக்கப்பட்ட வருவாயைவிடக் குறைவாக இருந்த ஆண்டுகளில், பங்குதாரர்கள் தங்கள் முதலைக் குறைத்துக் கடனைக் கூட்டினால் எஞ்சிய சிறு முதலுக்குப் பெரும் இலாபம் கிட்டியது. வட்டிக்கு வரிச் சலுகையும் இருந்தது. விலக முடியாத இலட்சக்கணக்கான வீடுகளிலிருந்து மாதந்தோறும் தவறாமல் வரும் பணத்தைக் காட்டி எவ்வளவும் கடன் பெறலாம் என்ற நிலையில், நிதி நிபுணர்கள் தண்ணீர் நிறுவனங்களைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

லண்டனையும் தேம்ஸ் பள்ளத்தாக்கையும் சேர்ந்த சுமார் 1.6 கோடிப் பேருக்குச் சேவை தரும் தேம்ஸ் வாட்டர் இதற்கு முழுமையான சான்று. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி வங்கிக் குழுமத்தின் தலைமையிலான முதலீட்டாளர்கள் 2006-இல் அதை வாங்கினார்கள். அந்தக் குழுமம் தன் கடைசிப் பங்கை 2017-இல் விற்றுவிட்டு வெளியேறியது. இடைப்பட்ட காலத்தில் நிறுவனத்தின் கடன் சுமார் 340 கோடி பவுண்டிலிருந்து 1,000 கோடி பவுண்டுக்கும் மேல் ஏறியது. கடன் திரட்டுவதற்காகக் கேமன் தீவுகளில் ஒரு துணை நிறுவனமும் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் உரிமையாளர்களானவர்களில் கனடா, பிரிட்டன் நாடுகளின் ஓய்வூதிய நிதியங்களும் அபுதாபி, சீன அரசுகளின் முதலீட்டு நிதியங்களும் இருந்தன. வட்டி விகிதம் உயர்ந்ததும் இந்தக் கட்டுமானம் ஆட்டங்கண்டது. வாக்களித்திருந்த 50 கோடி பவுண்டைத் தர 2024 மார்ச்சில் பங்குதாரர்கள் மறுத்தார்கள். அடுத்த மாதம் தாய் நிறுவனமான கெம்பிள் தன் கடனுக்கு வட்டி கட்டத் தவறியது. 2025-இல் நிறுவனம் நிலைத்திருக்க 300 கோடி பவுண்டு வரையிலான அவசரக் கடனுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன் வட்டி ஆண்டுக்கு 9.75 விழுக்காடு. முதலீட்டாளர் இழப்பை ஏற்றுக்கொண்டு விலகிவிடலாம். லண்டனில் குடியிருப்பவர் வீட்டை மாற்றினாலன்றி விலக இயலாது. மாற்றினாலும் நகருக்குள் பெரும்பாலும் அதே நிறுவனம்தான் காத்திருக்கும்.

நிதிக் கட்டுமானம் ஒருபுறமிருக்க, பொதுமக்களின் கோபத்தைத் தூண்டிய காட்சி ஆறுகளிலும் கடற்கரைகளிலும் தெரிந்தது. இங்கிலாந்தின் பழைய நகரங்களில் வீட்டுக் கழிவுநீரும் தெரு மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. இத்தகைய குழாயில் ஆங்காங்கே, மண்ணுக்கு அடியில், செங்கல்லாலோ சிமெண்டாலோ கட்டிய ஓர் அறை இருக்கும். அதன் நடுவே இடுப்பளவுக்கும் குறைந்த ஒரு தடுப்புச் சுவர். சாதாரண நாளில் கழிவுநீர் அந்தச் சுவருக்கு இப்புறமாகவே ஓடிச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்துவிடும். பெருமழையில் நீர்மட்டம் சுவரைத் தாண்டினால், ஏரி நிரம்பிக் கலிங்கு வழிவது போல, மிஞ்சியது மறுபுறம் விழுந்து சுத்திகரிக்கப்படாமலே ஆற்றுக்குப் போகும். வழிய விடாவிட்டால் கழிவு வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும் என்பதால் இந்த ஏற்பாடு தேவையே. ஆனால் சட்டம் இதை அசாதாரண மழைக்கு மட்டுமே அனுமதிக்கிறது. லண்டன், விட்பர்ன் ஆகிய இடங்களில் வழக்கமான மழைக்கே கழிவு வழிந்தோடுவது விதிமீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் இத்தகைய வழிகால்கள் ஏறத்தாழ 14,000 உள்ளன. அனைத்திலும் கண்காணிப்புக் கருவி பொருத்தி முடிந்தது 2023-இல்தான். 2024-இல் அவை 450,398 முறை திறந்து, மொத்தம் 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் கழிவைக் கொட்டின. உலகில் இருநூறு சொச்சமே உள்ள, சுண்ணப் பாறையில் ஊறித் தெளிந்து வரும் அரிய ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் உள்ளன. அவற்றிலும் இந்தக் கழிவு கலக்கிறது.

இவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் அரசுத் துறைகளின் பங்கைவிடக் குடிமக்களின் பங்கே பெரிது. கார்ன்வால் கடலில் அலைச்சறுக்கு ஆடியவர்கள் 1990-இலேயே கழிவுக்கு எதிரான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் விண்ட்ரஷ் ஆற்றங்கரையில் வசித்த ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் ஹேமண்ட், சுத்திகரிப்பு நிலையங்களின் நீரோட்டப் பதிவுகளைக் கணினிக்குக் கற்பித்து, நிறுவனங்கள் தெரிவிக்காமல் விட்ட கழிவு வெளியேற்றங்களைக் கண்டுபிடித்தார். யார்க்‌ஷயரின் இல்க்லி ஊர்மக்கள் வார்ஃப் ஆற்று நீரைத் தாங்களே பிடித்துச் சோதிக்க ஏற்பாடு செய்து, இங்கிலாந்தில் குளிப்பதற்குரியது என்று அரசு அறிவித்த முதல் ஆற்றுப் பகுதியாக 2020-இல் அதை ஆக்கினார்கள். அறிவித்த பிறகே, நீர் தரமற்றது என்று அரசு தன் சோதனையில் எழுதும் நிலை வந்தது. இத்தனை உழைப்பும் ஊதியமின்றி, வேறு வேலைகளுக்கிடையே, சொந்தப் பணத்தில் நடந்தது என்பதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அதே காலத்தில் ஒழுங்குமுறை அமைப்புகள் நிறுவனங்கள் தாமே நிரப்பித் தந்த படிவங்களை நம்பிக்கொண்டிருந்தன. சதர்ன் வாட்டர் 2010 முதல் 2015 வரை வேண்டுமென்றே கழிவைக் கடலோர நீரில் விட்டதற்காக 2021-இல் 9 கோடி பவுண்டு அபராதம் பெற்றது. தேம்ஸ் வாட்டருக்கு 2025 மே மாதம் விதிக்கப்பட்ட 12.27 கோடி பவுண்டு தண்டத்தில் ஒரு பகுதி, செயல்பாட்டுக்குப் பொருந்தாத வகையில் ஈவுத்தொகை வழங்கியதற்காகவே விதிக்கப்பட்டது.

நிறுவனங்களின் தரப்பிலும் உண்மைகள் உண்டு. இங்கிலாந்தின் குழாய் நீர் உலகின் பாதுகாப்பான குடிநீர்களில் ஒன்று. தனியார்மயத்துக்குப் பின் முதலீடு கூடியது. கடற்கரைகளின் நீர்த்தரம் 1990-களில் பெரிதும் மேம்பட்டது. ஆஃப்வாட் பல ஆண்டுகள் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்ததும் குழாய் மாற்றும் பணி தாமதப்பட ஒரு காரணம். ஆயினும் அந்த முதலீட்டின் பெரும்பகுதியைக் கட்டணம் செலுத்தியவர்களும், அவர்கள் பெயரில் வாங்கிய கடனுமே தந்தன. புதிய பங்கு மூலதனமாக வெளியிலிருந்து வந்தது சொற்பம். இங்கிலாந்தும் வேல்ஸும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கோடி லிட்டரைக் கசிவில் இழக்கின்றன. இங்கிலாந்தில் கடைசியாகக் கட்டி முடித்த பெரிய நீர்த்தேக்கம் டெர்பிஷயரின் கார்சிங்டன். அது திறக்கப்பட்ட ஆண்டு 1992.

பொது உடைமை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதற்கும் பிரிட்டனே மறுப்பு. 1994-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் வட்டாரம் நடத்திய வாக்கெடுப்பில் 97 விழுக்காட்டினர் தண்ணீரைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்தார்கள். இன்று ஸ்காட்டிஷ் வாட்டர் அரசு நிறுவனம், அதன் கட்டணம் உள்ளாட்சி வரியோடு சேர்ந்து, வீட்டின் வரிப்பிரிவுக்கு ஏற்ப வசூலாகிறது. ஆனால் கழிவு வழிகால்களைக் கண்காணிப்பதில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைவிட நெடுங்காலம் பின்தங்கியிருந்தது. வேல்ஸின் பெரும்பகுதிக்கு 2001 முதல் பங்குதாரர்களே இல்லாத நிறுவனம் நீர் வழங்குகிறது. அங்கும் ஆறுகள் மாசுபடுகின்றன. வட அயர்லாந்தில் வீடுகளுக்குத் தனித் தண்ணீர்க் கட்டணமே கிடையாது, அரசு நிதியே ஆதாரம். அது போதாமல் சாக்கடை இணைப்பு தர இயலாததால் புதிய வீடுகள் கட்டுவதே பல ஊர்களில் முடங்கியிருக்கிறது. உடைமை மாறினாலும் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கட்டணமும் சில ஆண்டுகளுக்கு உயரத்தான் செய்யும். ஆனாலும் ஸ்காட்லாந்தில் கட்டணம் செலுத்துபவர், தன் பணத்தின் ஒரு பகுதி எந்த நிதியத்தின் ஈவுத்தொகைக்கும் போகவில்லை என்ற உறுதியோடு செலுத்துகிறார். பொறுப்பானவர்களை வாக்குச் சாவடியில் கேள்வி கேட்கவும் அவருக்கு வழி இருக்கிறது. வேறு கடைக்குப் போக முடியாத இடத்தில் நுகர்வோருக்கு மிஞ்சும் ஒரே காப்பு அதுதான்.

கட்டணம் செலுத்த மறுப்பது ஒரு வழியென இங்கிலாந்தில் சிலர் கழிவுநீர்ப் பகுதியை மட்டும் நிறுத்திவைக்கிறார்கள். தனியார்மயத்தின் தொடக்க ஆண்டுகளில் பணம் கட்டாத வீடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். 1991-92-இல் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது நேர்ந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளின் இணைப்பைத் துண்டிப்பதைத் தடைசெய்தது, தண்ணீர் வெறும் சரக்கன்று என்பதை நாடாளுமன்றமே ஏற்ற தருணம் அது. எனினும் இன்று கட்டாதவர் மீது நீதிமன்றக் கடன் ஆணை வரலாம். அது பதிவானால் வீட்டுக்கடனும் வாடகை வீடும் கிடைப்பது கடினமாகும். துணிந்து மறுப்பதும் வசதியுள்ளவருக்கே இயலும்.

2024-இல் பதவியேற்ற தொழிற்கட்சி அரசு, இங்கிலாந்து வங்கியின் முன்னாள் துணை ஆளுநர் ஜான் கன்லிஃப் தலைமையில் அமைத்த குழு, ஆஃப்வாட்டைக் கலைத்துவிட்டு ஒரே ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும்படி 2025 ஜூலையில் பரிந்துரைத்தது, அரசும் ஏற்றது. கண்காணிப்பை நிறுவனங்களின் கையிலிருந்து எடுப்பது உள்ளிட்ட அதன் பல யோசனைகள் நல்லவையே. ஆனால் தேசியமயம் பற்றி ஆராயக் கூடாது என்று தொடக்கத்திலேயே குழுவின் வரம்பு குறுக்கப்பட்டிருந்தது. கன்சர்வேடிவ் வாக்காளர்களில் பெரும்பான்மையினர்கூடப் பொது உடைமையை விரும்புவதாகக் கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து காட்டும் நாட்டில், அந்தக் கேள்வியை ஆராயவே விடாதது தவறு. தேசியமயத்துக்கு ஏறக்குறைய 10,000 கோடி பவுண்டு செலவாகும் என்று அமைச்சர்கள் சொல்லும் கணக்கு, எல்லா நிறுவனங்களையும் ஒழுங்குமுறை மதிப்புக்கே, முழு விலை கொடுத்து வாங்குவதாக வைத்துப் போட்டது. பங்குதாரர்களே தங்கள் பங்கின் மதிப்பைச் சுழியமாக எழுதிவிட்ட தேம்ஸ் வாட்டருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

கடனில் மூழ்கும் தண்ணீர் நிறுவனத்தை நீதிமன்றத்தின் வழியாகத் தற்காலிகமாக எடுத்து நடத்தும் சிறப்பு நிர்வாக முறை சட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. அதில் குழாய் நீர் ஒரு நாளும் நிற்காது. கடன் கொடுத்தவர்கள்தான் தங்கள் தொகையில் ஒரு பகுதியை இழக்க நேரும். 2021-இல் பல்ப் என்ற எரிசக்தி நிறுவனம் சரிந்தபோது இதே வகை ஏற்பாட்டில்தான் அரசு அதை நடத்தியது. முடிவில் ஆன செலவு தொடக்கத்தில் அஞ்சியதைவிட மிகக் குறைவு. இருந்தும் தேம்ஸ் வாட்டர் விஷயத்தில் அரசு அந்த வழியைத் தள்ளிப்போட்டு, கடன் கொடுத்தவர்களோடு பேச்சு நடத்தி வந்தது. அவர்கள் மீட்புத் திட்டத்துக்கு ஈடாகக் கேட்டவற்றில் மாசுபாட்டுக்கான அபராதங்களில் தளர்வும் ஒன்று. அதிக வட்டிக்காக அதிக ஆபத்தை ஏற்றவர்கள், அந்த ஆபத்து நேர்ந்ததும் அதை ஆற்றின் மீதும் கட்டணச் சீட்டின் மீதும் இறக்கிவைக்க இடந்தரக் கூடாது. தேம்ஸ் வாட்டர் சிறப்பு நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, அதன் கடன் குறைக்கப்பட்டு, பின்னர் பொது அமைப்பாக நடத்தப்பட வேண்டும். மற்ற நிறுவனங்களிலும் இனி வாங்கும் ஒவ்வொரு பெருங்கடனுக்கும் கட்டணம் செலுத்துவோரின் பிரதிநிதிகள் அமர்ந்த குழுவின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட வேண்டும்.